"வேண்டாம்" சொல்ல இடமுள்ள காதல்: அமானுஷ்யக் காதல் நாவல்களோடு பல வருட அனுபவம்

அமானுஷ்யக் காதல் நாவல் என்று நான் சொல்வது பேய்க்கதையை அல்ல. இரத்தக்காட்டேரி, ஓநாயாக மாறுகிறவன், சூனியக்காரி, சாவில்லாத இளவரசன் என்று யாரோ ஒருவர் அதில் வருவார். ஆனால் கதையைத் தாங்குவது இரண்டு பேருடைய காதல். முடிவில் அவர்கள் சேர்ந்தே ஆகவேண்டும். காதல் ஓரமாகவும் சண்டையும் துப்பறிதலும் நடுவிலும் இருந்தால் அதை வேறு பிரிவில் வைத்து விற்கிறார்கள். பள்ளிக்கூடக் காலத்தில் தொடங்கி இன்றுவரை இந்த வகையை விடாமல் வாசிக்கிறேன். எதை வாங்குவது, எதை விடுவது என்று என்னைவிட இளைய பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்லிவந்ததை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துக்குக் காதல் நாவல் புதிதில்லை. கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் ரமணிசந்திரனின் கதைகள் ஜாம் போத்தல் விளக்கடியில் கைக்குக் கை மாறி, அட்டை கழன்று, முதல் பக்கங்கள் இல்லாமலே வாசிக்கப்பட்டன. எங்கள் வீட்டில் பெரியம்மா, சின்னம்மா எல்லோரும் அதில் ஊறியவர்கள். முரட்டு நாயகன், அவனை மெல்ல மாற்றும் பெண், கடைசியில் கல்யாணம் என்ற அச்சு தெரிந்த வாசகிக்கு இரத்தக்காட்டேரி நாயகனைப் பழகிக்கொள்ள அதிக நேரம் எடுக்காது. எனக்கு ஆங்கில நாவல்கள் வந்த வழி ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள். லீவுக்கு வரும்போது தான் வாசித்து முடித்த புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவாள். இப்போது பெரும்பாலும் கைபேசியில், கிண்டில் செயலியில்தான் வாசிப்பு.

ஒரு புத்தகத்தில் நான் முதலில் பார்ப்பது இதை: அமானுஷ்யத்தை உருவி எடுத்துவிட்டால் கதை நிற்குமா? நின்றால் புத்தகம் தோற்றுவிட்டது. நாயகன் ஓநாய் என்பார்கள். ஒரு பௌர்ணமியில் உருமாறுவான். அதன் பிறகு பாதிப் புத்தகத்துக்கு அவன் செய்வதெல்லாம் ஒரு பணக்காரக் கம்பெனி முதலாளி செய்யக்கூடியவைதான். ஓநாயாக இருப்பதால் அவனுக்கு என்ன இழப்பு, அவளுக்கு என்ன ஆபத்து என்று ஒன்றுமே இராது. கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி இப்படித்தான். நல்ல புத்தகத்தில் அந்த உலகத்தின் சட்டமே காதலுக்குக் குறுக்கே நிற்கும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் நளினி சிங். பீஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். 2006இல் வந்த அவருடைய 'ஸ்லேவ் டு சென்சேஷன்' நாவலில் மனோசக்தி கொண்ட ஓர் இனம் இருக்கிறது. தங்களுக்குள் பெருகிய வன்முறைக்கும் சித்தப்பிரமைக்கும் பயந்து, உணர்ச்சியே எழாதபடி பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்து பழக்குகிறார்கள். உணர்ச்சி வெளியில் தெரிந்தால் அவரின் மனத்தையே அழித்துவிடுவார்கள். எல்லோரும் ஒரு மனவலையில் பிணைந்திருக்கிறார்கள். அதிலிருந்து அறுந்தால் உயிர் போகும். அந்த இனத்துப் பெண் ஒருத்தி, தொடுகை இல்லாமல் வாழவே தெரியாத சிறுத்தைக் கூட்டத்தின் தலைவனைச் சந்திக்கிறாள். இனி அவள் அவனுடைய கையைப் பிடிப்பதற்குக்கூட ஒரு விலை உண்டு. அவள் சிரித்தால் வாசிக்கிற எங்களுக்குப் பயம் வருகிறது. சட்டத்தை எடுத்துவிட்டால் அங்கே கதையே இல்லை. அந்தத் தொடரின் ஆண்கள் எல்லோரும் ஒரே மாதிரி அதிகாரம் பண்ணுகிறார்கள் என்ற குறை எனக்கு உண்டு. அது புத்தகத்துக்குப் புத்தகம் கூடுதலாக உறுத்தும். என்றாலும் திரும்பத் திரும்ப வாசித்தும் தேயாத உலகம் அது.

சட்டம் பலமாக இருந்தால் மட்டும் காணாது. இந்த வகையின் பெரிய முதலே, 'இவள் உனக்கென்றே விதிக்கப்பட்டவள்' என்ற பிணைப்புத்தான். ஓநாய்க் கதைகளில் வாசனையிலேயே தெரிந்துவிடும். 1999இல் வந்த கிறிஸ்டின் ஃபீஹனின் 'டார்க் பிரின்ஸ்' நாவலில், காலம் போகப் போக நிறங்களையும் உணர்ச்சியையும் இழந்துவிட்ட ஓர் இனத்து ஆண்களுக்கு, தங்கள் துணையைக் கண்டதும் அவை திரும்பி வரும். ஆசைப்பட வைக்கிற கற்பனை; நானும் அதை ரசிப்பவள்தான். ஆனால் அதே உலகத்தில் ஆண் சில வாசகங்களைச் சொன்னால் போதும், பெண் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் கட்டுண்டுவிடுவாள். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்து யோசிப்பேன். பிணைப்பு விழுந்த பிறகு அவள் "வேண்டாம்" என்று சொல்ல இடம் இருக்கிறதா? இருந்தும் அவள் "வேண்டும்" என்கிறாளா? இதற்கு விடை தராத நாவலுக்கு, அது எவ்வளவு வடிவாக எழுதப்பட்டிருந்தாலும், ஐந்துக்கு மூன்று நட்சத்திரத்துக்கு மேல் நான் கொடுப்பதில்லை.

இந்தக் கேள்வியை எனக்குத் தந்தது மணிமேகலைக் காப்பியம். குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் போகிற எங்களுக்கு, அந்தத் தீவுதான் மணிபல்லவம் என்று கேட்டுப் பழக்கம். மணிமேகலா தெய்வம் நாயகி மணிமேகலையைத் தூக்கிக்கொண்டுபோய் மணிபல்லவத்தில் விடுகிறது. அங்கே புத்த பீடிகையைக் கண்டதும் முற்பிறப்பு நினைவு வருகிறது: அவள் இலக்குமி, அவளுடைய கணவன் இராகுலன், அவனைத் திட்டிவிடம் என்ற பாம்பு கொன்றது. அந்த இராகுலன்தான் இந்தப் பிறப்பில் தன்னைத் துரத்திவரும் உதயகுமரன் என்றும் தெரிந்துகொள்கிறாள். இன்றைய நாவலாசிரியர்கள் தேடித் திரியும் எல்லாமே இதில் இருக்கின்றன. முற்பிறப்புப் பந்தம், வேற்றுருக் கொள்ளும் மந்திரம், வானத்தில் பறத்தல், பின்தொடரும் அரசகுமாரன். அவளுக்கு அவன்மேல் மனம் போகவும் செய்கிறது. தன்னை மதிக்காமல் பேசியவன் என்று தெரிந்தும் தன் நெஞ்சு அவன் பின்னால் போனதை அவளே தோழி சுதமதியிடம் சொல்கிறாள். காப்பியத்தை எழுதிய சாத்தனார் அதை மறைக்கவில்லை. ஆனாலும் அவள் போகவில்லை. காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொண்டு பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். அவளைத் தன் மனைவி என்றே நம்பிய காயசண்டிகையின் கணவன், இருளில் வந்த உதயகுமரனை வெட்டிக் கொல்கிறான். அப்போது அழுகிறாள்.

அது பௌத்தக் காப்பியம், துறவுதான் அதன் முடிவு. நான் வாசிக்கும் நாயகிகள் எல்லோரும் துறவு பூணவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் சேரவேண்டும் என்றுதானே காசு கொடுத்து வாங்குகிறேன். பந்தம் உண்மையாக இருந்தும், நெஞ்சு இழுத்தும், முடிவு அவளுடைய கையில் இருக்க முடியும் என்று அந்தக் காப்பியம் காட்டிவிட்டது. அதை வாசித்த ஊரில் இருந்துகொண்டு, 'விதி, ஆகவே அவள் பேசக்கூடாது' என்கிற கதையை என்னால் முழு மனதோடு கொண்டாட முடியவில்லை.

யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயிலின் கதையையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை நினைத்துப் பாருங்கள். குதிரைமுகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் தீர்த்தமாடிக் குணமடைகிறாள். முருகனுக்குக் கோயில் எழுகிறது. சிங்கமுகம் கொண்ட உக்கிரசிங்கன் அவளைக் கவர்ந்துபோய் மணக்கிறான். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை இந்தக் கதையைச் சொல்கிறது. விலங்குமுகம் நீங்கிய பெண்ணும் விலங்குமுகம் நீங்காத ஆணும் என்று, ஒரு முழு நாவலுக்கான சரக்கு இதில் கிடக்கிறது. அந்த இரவில் அவள் என்ன நினைத்தாள் என்பதை ஒருவர் எழுதினால் அது உலகத்தில் எந்த ஓநாய்க் கதைக்கும் குறையாது.

இனி, பலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இந்த வகைக்குள் வந்தது பெரும்பாலும் ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' வழியாக. நாவல் 2005இல் வந்தது, படம் 2008இல். அதன் நாயகன் 1901இல் பிறந்து, 1918இல் இரத்தக்காட்டேரியாகி, பதினேழு வயதிலேயே நின்றுவிட்டவன். நாயகி தூங்கும்போது அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருப்பான். முதல் காதலின் மூச்சுமுட்டலை அந்த நாவல் பிடித்த மாதிரிப் பிடித்தவை குறைவு. அதை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் ரியூசன் முடிந்து வரும் வழியில் ஒருவன் நாள்தவறாமல் சைக்கிளில் பின்னால் வந்தால் அது எப்படி இருக்கும் என்று இங்கே வளர்ந்த பெண்பிள்ளைகளுக்குத் தெரியும். வீட்டில் சொன்னால் ரியூசன் நின்றுவிடும் என்று பேசாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். ஆகவே பின்தொடர்வதை அன்பின் அடையாளமாகக் காட்டும் காட்சிகளை நான் கவனமாகப் பார்க்கிறேன். நாயகி அதைக் கேள்வி கேட்கிறாளா, அவன் அதற்குப் பதில் சொல்லவேண்டி வருகிறதா என்று தேடுகிறேன். இளைய பிள்ளைகளோடு கதைக்கும்போது இந்த இடத்தை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வகைகளில் இரத்தக்காட்டேரிக் கதைகள் எனக்கு இப்போது அலுத்துவிட்டன. 1872இல் வந்த 'கார்மில்லா', 1897இல் வந்த 'டிராகுலா' இரண்டிலும் இருந்த அச்சம் புதிய கதைகளில் கரைந்துவிட்டது. அச்சம் போனால் ஈர்ப்பும் பாதி போய்விடுகிறது. சூனியக்காரிகளின் கதைகள் நன்றாக நிற்கின்றன, ஏனென்றால் அங்கே சக்தி பெண்ணிடம் இருக்கிறது. உருமாறுகிறவர்களின் கதைகளில் கூட்டம், குடும்பம், பெரியவர்களின் சொல் எல்லாம் வருவதால் எங்கள் வாசகிகளுக்கு அவை உடனே விளங்குகின்றன. தேவதை வம்சத்துக் கதைகளில் எனக்கு ஈடுபாடு குறைவு.

ஆவிக் காதலனின் கதைதான் எனக்குக் கடினமானது. இங்கே பல வீடுகளில் திரும்பி வராத ஒருவரின் படம் சுவரில் இருக்கிறது. சில வீடுகளில் அந்தப் படத்துக்கு இன்னும் மாலை போடவில்லை. வருவார் என்று இருக்கிறார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு, கடைசி அத்தியாயத்தில் ஒரு மந்திரத்தோடு செத்தவன் உடம்பெடுத்து வந்து தாலி கட்டுகிற முடிவை வாசிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. வகையின் சட்டப்படி சுப முடிவு வேண்டும், சரி. அதற்காக இறப்பை இவ்வளவு இலேசாக்கக் கூடாது. இழந்தவள் முதலில் துக்கப்பட இடம் கொடுத்து, பிறகு அவனைத் திருப்பித் தருகிற எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். அப்படியான புத்தகம் கையில் கிடைத்தால் நான் ஐந்து நட்சத்திரம் கொடுக்கத் தயங்குவதில்லை.

தமிழில் பிரதிலிபி போன்ற செயலிகளில் முன்ஜென்மக் காதல், நாகக்கன்னி, ஆவி என்று தொடர்கள் நிறைய வருகின்றன. அத்தியாயம் அத்தியாயமாக வெளியிடுவதால் ஒவ்வொரு பகுதியும் ஒரு திடுக்கிடலில் முடியவேண்டும் என்ற நெருக்கடி எழுத்தில் தெரியும், நடுப்பகுதி இழுபடும். ஆனால் ஆங்கில நாவல்களில் இல்லாத ஒரு பலம் இவற்றில் உண்டு. காதலர் இருவரும் தனித்தீவில் இருப்பதில்லை. தாய், மாமி, சீதனம், சாதகம் எல்லாம் கூடவே வரும். சாதகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் குற்றம் என்று சொல்லி ஒரு பெண்ணின் கல்யாணம் வருடக்கணக்கில் தள்ளிப்போவதை இந்த ஊரில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. விதி இருவரைக் கட்டும், விதி இருவரைப் பிரிக்கும் என்பதை நம்பி நடக்கிற சமூகம் இது. அந்தக் கட்டம் உண்மையிலேயே உயிர் வாங்குகிற ஓர் உலகத்தை உருவாக்கி, அதற்குள் ஒரு பெண்ணை நிறுத்தி, அவள் என்ன செய்கிறாள் என்று ஒருவர் எழுதவேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை. முதுகெலும்புள்ள சட்டமும் மறுக்கத் தெரிந்த பெண்ணும் அந்தக் கதைக்குள் தானாகவே வந்துவிடுவார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நீண்ட தொடர்களைத் தொடக்கத்திலேயே மொத்தமாக வாங்கவேண்டாம். முதல் புத்தகத்தில் உலகத்தை அறிமுகப்படுத்துவதற்கே பாதி போய்விடும், ஆகவே இரண்டாவதை வாசித்த பிறகு முடிவு செய்யுங்கள். கிண்டிலில் மாதிரிப் பக்கங்கள் இலவசம். அவற்றில் அமானுஷ்யத்தின் சட்டம் ஒன்றாவது தெரியவராவிட்டால் நான் விட்டுவிடுவேன். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் தாண்டி மூன்று நட்சத்திரக்காரர் எழுதியதைப் பாருங்கள், குறையும் நிறையும் அங்கேதான் சேர்ந்து கிடைக்கும். வாசித்த அன்றே மதிப்பெண் போடாமல் சில கிழமை விட்டுப் போடுவது என் வழக்கம். கதாபாத்திரத்தின் பெயர்கூட அதற்குள் மறந்துவிட்டால் அது தானாகவே இறங்கிவிடும். அப்புறம், இந்த வகையில் வயது வந்தவர்களுக்கான காட்சிகள் தாராளமாக வரும். அட்டைப்படத்தில் நிலாவும் ஓநாயும் மட்டும் இருப்பதால் சிறுவர் கதை என்று எண்ணிப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பரிசாக வாங்குகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். கொடுக்கும்முன் நீங்கள் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.