மேசியா வந்துவிட்டாரா? யூத வாசிப்பும் கிறிஸ்தவ வாசிப்பும்

தேவன் அனுப்புவதாகச் சொன்ன மீட்பரான மேசியா இயேசுதானா என்ற வழக்கில் யூதர்களும் கிறிஸ்தவர்களும் பெரும்பாலும் ஒரே தீர்க்கதரிசிகளின் வசனங்களை வைத்துக்கொண்டுதான் மோதுகிறார்கள். நான் சபையில் வளர்ந்தவன். ஆனால் இரு தரப்பையும் படித்த பிறகு, வாதம் என்ற அளவில் யூதர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

மேசியா தாவீதின் வம்சத்தில் வர வேண்டும் என்பதால் எழும் வம்சாவளிச் சண்டையை ஓரமாக வைத்துவிடலாம். இயேசுவின் வம்சத்தை தாவீதின் மகன்களில் மத்தேயு சாலொமோன் வழியாகவும் லூக்கா நாத்தான் வழியாகவும் கொண்டுபோகிறார்கள். அதை வைத்து ராத்திரி முழுக்கப் பேசினாலும் முடிவு வராது. ஏசாயா 53-உம் அப்படித்தான். அதில் வரும் பாடுபடும் தாசன் இயேசு என்கிறது சபை; இஸ்ரவேல் மக்களே என்கிறார் 11ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷி. ஏசாயா 49:3 இஸ்ரவேலையே தாசன் என்று அழைக்கிறது. இரண்டு வசனம் தள்ளிப் போனால் அந்தத் தாசன் இஸ்ரவேலைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியவனாகிறான். இழுபறிதான்.

எனக்கு வழக்கைத் தீர்த்தது வேறு கேள்வி: மேசியா செய்ய வேண்டிய வேலை முடிந்ததா? 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இதைச் சட்டமாகவே எழுதிவைத்தார். தாவீது வம்சத்து அரசன் ஆலயத்தைக் கட்டி, சிதறிய இஸ்ரவேலரைக் கூட்டிச் சேர்த்தால் அவர்தான் மேசியா. தோற்றாலோ கொல்லப்பட்டாலோ அவர் இல்லை. இயேசுவைத் தள்ளுவதற்கென்றே செய்த விதி என்று நினைக்க வேண்டாம். கி.பி. 132-இல் ரோமுக்கு எதிராக எழுந்த பார் கொக்பாவை, ரபி அகிவா போன்ற பெரியவரே மேசியா என்றார். 135-இல் பெத்தார் கோட்டை விழுந்து அவனும் செத்தான். அதோடு சரி, பேச்சே முடிந்தது. சொந்த வீரனுக்கும் அதே அளவுகோல்தான்.

1263-இல் பார்சிலோனாவில் அரகோன் அரசர் முதலாம் ஜேம்ஸ் முன்னால் நடந்த யூத-கிறிஸ்தவ விவாதத்தில் யூதர் தரப்பில் பேசிய ரபி ராம்பான் இதையேதான் பிடித்தார். பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்கிறது ஏசாயா. இயேசுவின் காலத்திலிருந்து இன்றுவரை உலகம் கொடுமையால்தானே நிறைந்திருக்கிறது என்று கேட்டார். அப்புறம் ஒரு குத்தல்: இனி யாரும் யுத்தம் கற்கக் கூடாது என்றால், அரசரே, உமக்கும் உம் வீரர்களுக்கும் எவ்வளவு கஷ்டம்! அரசர் பணம் கொடுத்து அனுப்பினார். ஆனால் விவாதத்தை எழுதி வெளியிட்டதற்கு ராம்பான் மேல் தேவதூஷணப் பழி விழுந்து, கடைசியில் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று.

கிறிஸ்தவப் பதில் இரண்டாம் வருகை: முதலில் பாவத்துக்கான பலி, மீதி பிறகு. இதில் எனக்கு நெருடுவது, இப்படித் தவணை கொடுத்தால் யாரையும் காப்பாற்றிவிடலாம் என்பதுதான். தன்னையே மேசியா என்று சொல்லிக்கொண்ட யூதர் சபத்தாய் செவி 1666-இல் இஸ்லாமுக்கு மாறிய பிறகும், அதுவும் திட்டத்தின் பகுதிதான் என்று விளக்கிய சீடர்கள் இருந்தார்கள். இயேசுவின் சீடர்களுக்கும் முதலில் தவணைக் கணக்கு தெரிந்திருக்கவில்லை. இயேசு சிலுவையில் இறந்த பின் எம்மாவு ஊருக்கு வழியில் போன இரு சீடர்கள், இஸ்ரவேலை மீட்பவர் என்று நம்பியிருந்தோமே என்றுதான் புலம்புகிறார்கள்.

ஒன்றை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. எம்மாவு கதை அந்தப் புலம்பலோடு முடியவில்லை; உயிர்த்தெழுந்த இயேசுவை அவர்கள் அடையாளம் காண்கிறார்கள். உயிர்த்தெழுதல் உண்மையென்றால், ‘கொல்லப்பட்டால் அவர் இல்லை’ என்ற விதியே ஆட்டம் காண்கிறது. கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா (வீண்) என்று பவுலே எல்லாவற்றையும் அதன்மேல்தான் வைக்கிறார். அதை வசனங்களை ஒப்பிட்டு முடிவுசெய்ய முடியாது. ஈஸ்டர் ஆராதனைக்கு நான் இன்னும் போகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.