இரண்டு காலணியையும் கழற்றச் சொல்கிறார்களா? சிங்கப்பூரின் பாத சிகிச்சைப் பிரிவுகள்

நீரிழிவுக்காரர் காலில் புண் என்று போனால், அந்த இடத்தின் தரம் முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு காலணியையும் கழற்றச் சொன்னால் நல்ல இடம். புண்ணுள்ள காலை மட்டும் பார்த்து, களிம்பு தடவிக் கட்டுப்போட்டு அனுப்பினால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

சிங்கப்பூரின் பல பொது மருத்துவமனைகளில் எலும்பு மருத்துவர், இரத்தக்குழாய் மருத்துவர், பாத சிகிச்சையாளர், தாதியர் எனக் கூடிப் பார்க்கும் நீரிழிவுப் பாதப் பிரிவு உண்டு. பரிசோதனையில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. உணர்வு இருக்கிறதா என்று பார்க்க நைலான் இழையை உள்ளங்காலில் அது வளையும்வரை அழுத்துவார்கள். அது 10 கிராம் அழுத்தம். கண்ணை மூடிக்கொண்டு எங்கே பட்டது என்று சொல்ல வேண்டும். பிறகு கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.9க்குக் கீழே வந்தால் இரத்த ஓட்டம் குறைவு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பல வருட நீரிழிவில் இரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்துவிட்டால், அழுத்தம் அளக்கும் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் நசுங்காது. எண் 1.4ஐத் தாண்டும், சில சமயம் ஒன்றுமில்லாததுபோல் சரியாகவே தெரியும். விவரம் தெரிந்தவர்கள் கால் பெருவிரலில் சின்னப் பட்டை சுற்றித் தனியாக அளப்பார்கள். அளக்கவில்லையென்றால் கேளுங்கள்.

உள்ளங்காற்புண் ஆறவேண்டுமானால் அந்த இடத்தில் உடல் எடை விழக்கூடாது. அதற்கு இன்னமும் மிஞ்ச முடியாத வழி, முழங்காலுக்குக் கீழ்வரை பாதத்தோடு ஒட்டிப் போடும் மாவுக்கட்டு. முதலில் புண்ணைச் சுற்றிய காய்ப்பைக் கத்தியால் சீவுவார்கள். உணர்வில்லாத காலில் வலிக்காது, இரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம். புண்ணுக்குக் கட்டு, கணுக்கால் மூட்டெலும்பிலும் முன்காலிலும் மெத்தை, விரல்களுக்கு நுரைப்பஞ்சு. பாதத்தை 90 பாகையில் நிறுத்தி, முதல் அடுக்கை உள்ளங்கையால் தேய்த்துப் பாத வளைவோடு படியவைப்பார்கள். இந்தத் தேய்ப்பில்தான் கைத்தேர்ச்சி இருக்கிறது. சுருக்கம் ஒன்று உள்ளே விழுந்தால் அங்கேயே புதுப்புண். வீக்கம் வடிந்து கட்டு தளர்ந்துவிடும் என்பதால் முதல் கட்டை இரண்டு மூன்று நாளில் மாற்ற வேண்டும், பிறகு ஏறக்குறைய வாரம் ஒருமுறை. கிருமித்தொற்று முற்றியிருந்தாலும் இரத்த ஓட்டம் மிக மோசமாக இருந்தாலும் இது போடக்கூடாது.

எங்கள் மனக்குறை இங்கேதான். மாவுக்கட்டுக்கு நேரமும் ஆளும் வேண்டும் என்பதால் கழற்றக்கூடிய பூட்ஸைக் கொடுத்துவிடுவது உண்டு. பூட்ஸ் மோசமில்லை, ஆனால் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் அது என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? செருப்போடு சேர்ந்து வெளியே நிற்கும். வெறுங்காலோடு சமையலறைக்கும் குளியலறைக்கும் நடக்கும் அந்தச் சில நூறு அடிகளே புண்ணை ஆறவிடாமல் வைக்கப் போதும். பூட்ஸ்தான் என்றால், கழற்ற முடியாதபடி மேலே ஒரு சுற்று கட்டிவிடச் சொல்லலாம்.

அதிகம் கோட்டைவிடப்படுவது ஷார்கோ பாதம், அதாவது உணர்விழந்த பாதத்தில் எலும்பும் மூட்டும் நொறுங்கும் நோய். பாதம் சிவந்து, சூடாகி, வீங்கும், வலி சொற்பம். தொற்று என்றும் கீல்வாதம் என்றும் மாத்திரை கொடுத்து அனுப்பப்படுவது வழக்கம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயும் சரியாகவே இருக்கலாம். காலைச் சில நிமிடம் தூக்கிவைத்தால் சிவப்பு வடிகிறதா என்று பாருங்கள். வடிந்தால் ஷார்கோவைச் சந்தேகிக்க வேண்டும், தொற்றின் சிவப்பு அப்படிச் சட்டென வடியாது. இரு பாதங்களின் ஒரே இடத்தை வெப்பமானியால் அளந்து 2 பாகை செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் உடனே மாவுக்கட்டு போட வேண்டும். மாதக்கணக்கில் அசையாமல் வைக்காவிட்டால் வளைவு உடைந்து, பாதம் ஓடத்தின் அடிபோல் புடைத்துவிடும். அதன் பிறகு எலும்பைச் செதுக்குவதா, கம்பியும் திருகும் வைத்து இணைப்பதா என்ற பேச்சுதான்.

செலவு விஷயம்: பலதுறை மருந்தகத்தின் (அரசு பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம், ஆனால் மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. நேரடியாகப் போனால் மானியம் கிடையாது. கால் கறுத்தாலோ காய்ச்சல் வந்தாலோ கடிதத்துக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

புண் ஆறியதும் வருகையை நிறுத்திவிடுகிறார்கள், பிரிவும் அதிகம் வற்புறுத்துவதில்லை. ஆறிய புண்களில் பத்தில் நான்கு ஓராண்டுக்குள் திரும்புகின்றன. தைப்பூசத்துக்குச் சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடுவரை வெறுங்காலில் நடப்பவர்களும் தீமிதிக்கு நேர்ந்துகொண்டவர்களும் முன்கூட்டியே இழைப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. உணர்வு இல்லையென்று தெரிந்தால் நேர்த்திக்கடனை வேறு விதமாகச் செலுத்தலாம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

முதல் வருகைக்கு அன்றாடம் போடும் காலணியோடு வீட்டுச் செருப்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடியில் தேய்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தே பாரம் எங்கே விழுகிறது என்று ஊகித்துவிடுவார்கள்.