சேலத்துப் பெண்களே, முடி வளர்த்துத் தருகிறோம் என்று பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

ஐம்பது வயதுக்கு மேல் பெண்களுக்கு முடி ஏன் கொட்டுகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்று மதியம்தான் ஒரு முடி சிகிச்சை மையத்தில் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கப் போய் வெறுங்கையோடு திரும்பினேன், இன்னும் படபடப்பு அடங்கவில்லை. 38,500 ரூபாய். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 58 வயது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீடு. முப்பது வருஷமாகக் கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கும் வேலை. போன ஆடியில் கடும் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். ஐப்பசியில் தலை வாரினால் சீப்பு நிறைய முடி. வீட்டைக் கூட்டினால் உருண்டை உருண்டையாக வந்தது. நாலைந்து வருஷமாகவே வகிடு கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுகொண்டுதான் இருந்தது, இப்போது நடுமண்டையே தெரிய ஆரம்பித்துவிட்டது. முல்லைச் சரம் வைத்தால் ஹேர்பின் பிடிக்க முடி இல்லாமல் பூ நழுவித் தோளில் விழும். தை மாதம் சின்னவனுக்குக் கல்யாணம் வேறு.

ஐந்து ரோடு பக்கம் ஒரு முடி சிகிச்சை மையத்துக்குப் போனேன். என் மகள் வயதில் ஒரு பெண். சின்னக் கேமராவை உச்சந்தலையில் வைத்து எதிரே டிவியில் காட்டினாள். ஒரு துளைக்கு ஒரு முடி, சில துளைகளில் அதுவும் இல்லை. பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்கம்மா, எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. மூணு மாசத்துல நீங்க பழையபடி பின்னல் போடலாம்" என்றாள். அந்த இடத்தில்தான் விழுந்தேன். வெள்ளியை உரசிப் பார்க்காமல் வாங்காதவள் நான். பிடித்த கையை நம்பிவிட்டேன்.

55,000 ரூபாய் பேக்கேஜாம், இன்று கட்டினால் மட்டும் 38,500. கல்யாணச் செலவுக்கு என்று எடுத்த சீட்டுப் பணத்திலிருந்து அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன்.

ஆறு சிட்டிங். ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்குத் தொப்பியை மாட்டி இருபது நிமிஷம், அப்புறம் ஒரு எண்ணெய். ஏற்காட்டு மலை மூலிகை என்று சொன்னார்கள். வீட்டுக்குக் கொடுத்த பாட்டிலில் தயாரித்தவர் முகவரியும் இல்லை, பேட்ச் எண்ணும் இல்லை. நாலாவது சிட்டிங்கில் தலை அரிக்க ஆரம்பித்தது. "வேர் முழிக்குதும்மா, அப்படித்தான் இருக்கும்" என்றாள். கல்யாணத்துக்குச் சவுரி வைத்துத்தான் நின்றேன்.

இத்தனை நாளில் ஒருத்தர்கூட எனக்குக் காய்ச்சல் வந்ததா, தைராய்டு இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனை இல்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் டாக்டரே இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

மாசியில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்தேன். அவர் தலையைத் தொடுவதற்கு முன்பே, "ஆறேழு மாசத்துக்கு முன்னாடி ஏதாவது பெரிய காய்ச்சல், ஆபரேஷன்?" என்று கேட்டார். கடும் காய்ச்சல் வந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி மொத்தமாக உதிருமாம், பிறகு பெரும்பாலும் தானாகவே முளைத்துவிடுமாம். முன்நெற்றியில் குட்டை குட்டையாக நின்ற புது முடியைக் கண்ணாடியில் காட்டினார். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.2தான் இருந்தது. தைராய்டும் சரியில்லை. இரண்டுமே முடியைக் கொட்டவைக்கும். வகிடு அகலுவது வேறு விஷயம். மாதவிலக்கு நின்ற பிறகு பல பெண்களுக்கு வருவது, குடும்பத்திலும் இருக்கும். அதற்கு மினாக்சிடில் என்ற மருந்து தலையில் தடவக் கொடுத்தார். முதல் சில வாரம் கூடக் கொட்டலாம், பயப்படக் கூடாது, பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் பலனும் போய்விடும் என்று சொல்லித்தான் கொடுத்தார். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளருமாம். மூன்று மாதத்தில் பின்னல் எங்கிருந்து வரும்? இதையெல்லாம் சொல்ல அவர் ஒரு பைசா வாங்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனால் முதல் நாள் மேனேஜர் லீவு. அடுத்த வாரம், "சென்னைக்கு மெயில் போட்டிருக்கோம்." அதற்கு அடுத்த வாரம், "நீங்க முட்டை, கீரை ஒழுங்கா சாப்பிடலைன்னு எழுதியிருக்கே." வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. இன்று அதே பெண் என் முன்நெற்றியைத் தொட்டுக் காட்டி, "பாருங்கம்மா, புது முடி வந்திருக்கு, எங்க ட்ரீட்மென்ட்தானே?" என்றாள். காய்ச்சல் விட்டுத் தானாக முளைத்த முடி அது! அதற்கு 38,500 ரூபாய். என்னை அம்மா என்று கூப்பிட்டவள் இந்தத் தடவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அடுத்த கஸ்டமர் வெயிட் பண்றாங்க" என்றாள்.

எழுத நினைத்ததையெல்லாம் எழுத இப்போது மனசு ஓடவில்லை. இவ்வளவு மட்டும் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி எல்லோருக்கும் உதிரும், அதற்காகப் பதறி ஓடாதீர்கள். திடீரென்று கொத்தாகக் கொட்டினால் முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு பாருங்கள். "இன்னைக்கு மட்டும் இந்த ரேட்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முகவரி இல்லாத பாட்டிலைத் தலையில் ஊற்றாதீர்கள். ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

நான் அதில் புகார் பதிந்துவிட்டேன். திங்கட்கிழமை நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாதாம். ஜிபே ரசீது, அந்த பாட்டில், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். இதே மாதிரி அந்தப் பக்கம் பணம் கட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.