சாத்தாங்காடு வழியில் ஒரு லேத் பட்டறை: பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு

புல்லட் பிளாக்கை (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் இருக்கும் இரும்புப் பகுதி) எங்கே போரிங் கொடுக்கலாம், அதாவது தேய்ந்த சிலிண்டரின் உள்சுவரை எங்கே கடைந்து சரிசெய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம் இது. வட சென்னையில் திருவொற்றியூரிலிருந்து சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்குப் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. வாசலில் சுருள் சுருளாகக் கிடக்கும் இரும்புச் சீவலை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். உள்ளே இரண்டு லேத், ஒரு போரிங் மெஷின், ஒரு டிரில்லிங் மெஷின். வேலை செய்வது ஒரு அண்ணனும் ஒரு பையனும்தான்.

என் வண்டி 86 மாடல் 350, காஸ்ட் அயர்ன் இன்ஜின். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தில் ரெடிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு கைகோத்த பிறகு வந்த அந்தத் திருவொற்றியூர் ஃபேக்டரியில் செய்த வண்டி. நான் மணலியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு வைஸ், ஒரு ஸ்பேனர் செட், ஒரு டியூப் லைட், இதுதான் என் பட்டறை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் தெருவில் வண்டியை வெளியே எடுக்கவே முடியாது என்பதால், இன்ஜினை இறக்குகிற வேலையை மழைக்காலத்தில் ஆரம்பித்து மார்கழியில் முடிக்கப் பார்ப்பேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வண்டி கார்புரேட்டருக்கு மேல் தண்ணீரில் நின்றது. வெள்ளத்தில் நின்ற வண்டியை முதலில் கிக் அடிக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றி, ஆயிலை இறக்கிப் பார்க்க வேண்டும். என் வண்டியில் ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி வெளுத்து வந்தது. இன்டேக் வால்வு திறந்த நிலையில் வண்டி நின்றிருந்ததால் தண்ணீர் சிலிண்டருக்குள்ளேயே இறங்கிவிட்டது. பிளாக்கைக் கழற்றியபோது, ரிங் நின்ற இடத்தில் வட்டமாகத் துருப் பள்ளம். வேறொரு இடத்தில் காட்டினேன். எடுத்துக்கூடப் பார்க்காமல், இது ஸ்கிராப், புது பிளாக் வாங்கிக்கொள் என்றார்கள்.

இந்த அண்ணன் பேசவே இல்லை. துணியால் உள்ளே துடைத்துவிட்டு உள்விட்டம் அளக்கும் டயல் கேஜை இறக்கினார். மேலே, நடுவில், கீழே. ஒவ்வொரு மட்டத்திலும் முன்பின்னாக ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை. பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்தி ஓடுவதால் சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேலே ரிங் திரும்புகிற இடத்தில்தான் தேய்மானம் அதிகம், வாயும் மெல்ல முட்டை வடிவம் ஆகிவிடும். ஓர் இடத்தில் மட்டும் அளந்து சொல்கிற அளவை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு அளவையும் பென்சிலால் அட்டையில் எழுதி என் கையில் கொடுத்தார். பல பட்டறைகளுக்குப் போயிருக்கிறேன், அளவை எழுதிக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான். அந்த அட்டைக்காகவே இவரிடம் போகலாம்.

“அர எம்.எம். போதும் தம்பி. பள்ளம் போயிடும். இப்பவே மொத்தமும் எடுத்துட்டா அடுத்த வாட்டிக்கு இன்னா இருக்கும்?”

இது முக்கியமான பேச்சு. காஸ்ட் அயர்ன் பிளாக்கில் எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., அதனால்தான் 346 சி.சி. அரை மி.மீ. கூட்டினால் 351 சி.சி. சொச்சம் ஆகும், அவ்வளவுதான். போரைக் கூட்டினால் இழுவை கூடும் என்று நம்பி நேராக ஓவர்சைஸ் பிஸ்டனின் கடைசி சைஸுக்குப் போகிறவர்கள், பிளாக்கின் மிச்ச ஆயுளை ஒரே தடவையில் தின்றுவிடுகிறார்கள். எவ்வளவு எடுத்தாலும் அவருக்குக் கூலி ஒன்றுதான், அவர் பார்த்தது பிளாக்கைத்தான்.

அப்புறம், பிஸ்டனைக் கையில் கொடுக்காமல் மெஷினை ஓட்ட மாட்டார். அவரிடம் பார்ட்ஸ் விற்பனை கிடையாது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நாமே பிஸ்டன், ரிங் வாங்கிக்கொண்டு வர வேண்டும். பெட்டியில் அச்சடித்த அளவை நம்பாமல் பிஸ்டனின் ஸ்கர்ட்டை (கீழ்ப்பகுதி) மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு விட வேண்டிய இடைவெளியைக் கணக்குப் போட்டுப் போர் எடுக்கிறார். கடைசி மயிரிழையை ஹோனிங்குக்கு, அதாவது சாணைக்கல்லால் உள்சுவரைத் தேய்த்து முடிக்கும் வேலைக்கு, விடுகிறார். ஹோனிங் முடிந்த பிளாக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு சீராக விழுந்திருந்தது. ஆயில் தங்குவதே அந்தக் கோட்டில்தான்.

இன்னொரு வேலையும் கொடுத்தேன். பழைய புல்லட்டில் பல இடங்களில் அங்குலத்துக்கு 26 மரை உள்ள சைக்கிள் த்ரெட் வரும். முந்தைய ஓனர் அதில் மெட்ரிக் நட்டை முறுக்கி ஏற்றி, மரையை வழித்து வைத்திருந்தார். இந்தப் பட்டறையில் இருக்கும் பழைய லேத் அங்குலக் கணக்கு. கியரை மாற்றிப் போட்டு 26 மரையைச் சரியாக வெட்டினார். நட் விரலாலேயே கடைசிவரை போகிறது. மரை வெட்டும் கருவியில் மெட்ரிக் டேப் மட்டும் வைத்திருக்கும் கடையில் இந்த வேலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

பிளாக்கைக் கொடுக்கும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், வேறெங்கே போரிங் செய்தாலும் இது பொருந்தும். பெட்ரோலில் அலசினால் போதாது. ஹோனிங் பொடி அந்தக் கோடுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் தேய்க்க வேண்டும். காய்ந்த உடனே ஆயில் பூச வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்கவே கூடாது. கடலோரக் காற்றில் உப்பு, அதோடு மார்கழிப் பனி. எண்ணூர், எர்ணாவூர் பக்கம் புதிதாகக் கடைந்த இரும்பு ஒரே ராத்திரியில் செம்பழுப்பு பிடிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. தேதி சொன்னால் அந்தத் தேதியில் கிடைக்காது. மீன்பிடி போட்டுகளின் ஷாஃப்ட் வேலை வந்தால் நம் பிளாக் ஓரத்துக்குப் போய்விடும். கடலுக்குப் போகிறவர்களின் பிழைப்பு அது என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை, ஆனால் அவசரக்காரர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. பில் கிடையாது. போனில் நச்சரித்தால் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். மழை பெய்தால் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். கிராங்க் வேலையும் செய்வதில்லை. பெரிய எண்டு புஷ் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடத்து புஷ்) பற்றிக் கேட்டபோது, “அது நம்ம கையில சரியா வராது, வேற ஆள பாரு” என்று நேராகச் சொல்லிவிட்டார்.

போரிங்கும் ஹோனிங்கும் சேர்த்து 900 ரூபாய், த்ரெட் வேலைக்குத் தனியாக 350 வாங்கினார். இதைவிடக் குறைவாகச் செய்பவர்கள் உண்டு. நான் அடுத்த தடவையும் இங்கேதான் கொடுப்பேன்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் மெஷினில் ஜாப் ஏறிவிட்டால் அளந்து பார்க்க ஆள் இருக்காது. பிளாக்கைக் கழுவி, கேஸ்கெட் பிசிறைச் சுரண்டிவிட்டு எடுத்துப் போங்கள். பிஸ்டனோடு பின்னையும் ரிங்கையும் சேர்த்தே கொடுங்கள். ஹெட்டையும் பார்க்கச் சொல்வதாக இருந்தால் வால்வு இரண்டையும் மறக்காதீர்கள். வால்வு ஓடும் கைடு தேய்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்த பிறகுதான், வால்வு உட்காரும் சீட்டை வெட்டுவதைப் பற்றியே பேசுவார்.