பாகுக்கு ஒரு வழி, புளிக்கு ஒரு வழி: சேஃப்டி வால்வு அடைபடாமல் இருக்க எது பொருந்தும்?

போன ஐப்பசியில் காரைக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் புளி காய்ச்சும் மூடிய கெட்டிலின் (நீராவியால் சூடாகும் பெரிய காய்ச்சு பாத்திரம்) சேஃப்டி வால்வைக் கழற்றினேன். அழுத்தம் அளவு மீறினால் தானாகத் திறந்து வெளியேற்றுவதுதான் இதன் வேலை. அடிக்கழுத்து முழுக்கப் புளிச்சக்கை இறுகிக் கிடந்தது. குத்திக் குத்தித்தான் எடுக்க முடிந்தது. உள்ளே அழுத்தம் எகிறியிருந்தால் வெளியேற வழியே இருந்திருக்காது. “மூணு மாசத்துக்கு முன்னாடிதானே தம்பி புதுசா மாட்டினோம்?” என்று கேட்டார் பட்டறையை நடத்தும் ஆச்சி. வால்வில் ஒரு பழுதும் இல்லை. அந்தச் சரக்குக்கு அந்த அமைப்பு ஒத்துவரவில்லை.

எந்த வால்வு நல்லது என்று கேட்பதற்கு முன்னால், சூடு பட்டால் சரக்கு இளகுமா, இறுகுமா என்று பார்க்க வேண்டும். அதிரசத்துக்குக் காய்ச்சுகிற வெல்லப்பாகு ஆறினால் கல்லாகும், மறுபடி சூடு காட்டினால் ஓடும். புளி அப்படியல்ல. நாரும் சதையும் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்துவிட்டால், சூடு அதை இன்னும் சுட்டு இறுக்கத்தான் செய்யும். தக்காளித் தொக்கும் புளி பக்கம்தான், எண்ணெய் மிதப்பதை நம்பி ஏமாறக் கூடாது.

முதலில், எல்லோரிடமும் இருக்கிற சாதாரண ஸ்பிரிங் வால்வு. விலை குறைவு, திறந்தபின் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் இது குறித்த அழுத்தத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே லேசாகக் கசியத் தொடங்கும். நீராவி என்றால் கசிந்து போய்விடும். புளி என்றால் சீட்டில், அதாவது வால்வின் மூடி உட்காரும் இடத்தில், ஒட்டிக் காயும். அப்புறம் வால்வு ஒன்று ஒழுகிக்கொண்டே இருக்கும், இல்லை ஒட்டிக்கொண்டு திறக்காது. வாராவாரம் லீவரை இழுத்துப் பார்க்கிற பழக்கம், கெட்டிலைச் சுற்றி நீராவி ஓடுகிற வெளிக்கூட்டின் வால்வுக்கு நல்லது. அதையே சரக்குப் பக்கத்து வால்வில் செய்தால், நாமே கையால் விழுதைச் சீட்டுக்குள் ஏற்றிவிடுகிறோம். ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பின்னும் கழற்றிக் கழுவ ஆள் இருந்தால் மட்டும் இது சரி. கழுவ வசதி என்று அதன் கீழே ஒரு அடைப்பு வால்வு வைத்துவிடாதீர்கள். யாராவது மூடிவிட்டு மறந்தால் கெட்டிலுக்குப் பாதுகாப்பே இல்லை.

இரண்டாவது, வால்வின் உடம்பைச் சுற்றியே நீராவி ஓடுகிற ஜாக்கெட் வால்வு. வெல்லப்பாகுக்கு இதை அடித்துக்கொள்ள வேறொன்றில்லை. காய்ச்சத் தொடங்கும் முன்பே வால்வுக்குச் சூடு கொடுத்துவிட வேண்டும், கெட்டிலை இறக்கிக் கழுவும்வரை நிறுத்தக் கூடாது. ஸ்பிரிங்கையும் வால்வின் தண்டை நேராக ஓட்டும் கைடையும் பாகு தொடாமல் இருக்க பெல்லோஸ் (மடிப்பு மடிப்பான உலோக உறை) உள்ளதாக வாங்குங்கள். இதையே புளிக் கெட்டிலில் மாட்டினால் வால்வுக்குள்ளேயே அடிப்பிடிக்கும்.

வால்வின் கழுத்தில் வெந்நீரோ நீராவியோ செலுத்திக் கழுவும் முறையும் உண்டு. காய்ச்சல் முடிந்தபின் செய்தால் நல்லதுதான். ஓட்டத்தின் நடுவே செய்தால் தண்ணீர் சேர்ந்து பாகின் பதம் போய்விடும், புளிவிழுது சீக்கிரம் கெடும். ஒரு சிறு துணை வால்வு அழுத்தத்தைப் பார்த்துப் பெரிய வால்வைத் திறக்கிற பைலட் வால்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அழுத்தத்தை உணர்கிற அதன் மெல்லிய குழாய்தான் முதலில் அடைபடும்.

புளிக்கும் தொக்குக்கும் நான் சொல்வது ரப்சர் டிஸ்க். குறித்த அழுத்தத்தில் கிழிந்து வழி விடுகிற மெல்லிய தகடு. கெட்டிலின் சுவரை ஒட்டியே உட்கார்வதால் சரக்கு தேங்க மூலை கிடையாது. கீழ்ப்பக்கம் டெஃப்லான் பூசியது கிடைக்கிறது, விழுது அதில் எளிதில் ஒட்டாது. புளியின் புளிப்பையும் தொக்கின் உப்பையும் நினைத்து உலோகத்தைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய தகடு கசிய ஊசித்துளை அளவு அரிப்பே போதும். சாதாரண வளைவுத் தகட்டை (வெளிப்பக்கம் புடைத்தது) அதன் கிழியும் அழுத்தத்தில் 70 சதவீதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் சோர்ந்து முன்னதாகவே கிழியும். 3 பார் (பார் என்பது அழுத்த அளவு) தகடு என்றால் 2.1 பாருக்குள் ஓட்ட வேண்டும். சரக்குப் பக்கம் புடைத்த எதிர்வளைவுத் தகடு 90 சதவீதம்வரை தாங்கும். ஆனால் பம்ப் லைன்போல முழுக்கத் திரவம் நிறைந்த இடத்தில் எல்லா எதிர்வளைவுத் தகடும் சரியாகத் திறக்காது. திரவத்துக்கு என்று தயாரித்ததா எனக் கேட்டு வாங்குங்கள்.

தகடு தனியாக இருந்தால் ஒரு சிக்கல்: ஒருமுறை கிழிந்தால் மூடாது, கெட்டில் காலியாகும்வரை கொதிக்கிற விழுது வெளியே வரும். தோலில் ஒட்டினால் உதறிவிட முடியாத சூடு அது. அதனால் தகட்டைக் கீழேயும் ஸ்பிரிங் வால்வை மேலேயும் வைக்கிற ஜோடிதான் என் தேர்வு. தகடு வால்வைச் சுத்தமாக வைத்திருக்கும், தகடு கிழிந்தால் வால்வு திறந்து மூடும். கிழியும்போது துண்டு சிதறாத தகடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துண்டே வால்வை அடைக்கும்.

இந்த ஜோடியில் பலர் விட்டுவிடுவது இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய, அழுத்தம் காட்டும் கேஜை. தகடு இரு பக்கத்து அழுத்த வித்தியாசத்துக்குத்தான் கிழியும். ஊசித்துளை வழியாக நடுவில் 1 பார் சேர்ந்துவிட்டால், 3 பார் தகடு கெட்டிலில் 4 பார் ஏறினால்தான் கிழியும். கெட்டில் அதற்காகக் கட்டப்பட்டதா?

ஆச்சியின் பட்டறையில் நீண்ட கழுத்தை வெட்டிவிட்டு இந்த ஜோடியைத்தான் மாட்டினோம். வால்வின் வாய் இப்போது ஆள் நடக்காத சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கிறது. பக்கத்திலுள்ள பாகுக் கெட்டிலுக்கு ஜாக்கெட் வால்வு. செலவு கூடுதல்தான், தகடு ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். காலையில் நீராவி திறக்கும் முன் நடு கேஜின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துப் பலகையில் எழுதுவது அங்கே அடுப்படி வேலை பார்க்கிற அக்காவின் பொறுப்பு. முள் அசைந்திருந்தால் அன்று புளி காய்ச்சுவதில்லை.