மீட்டரில் 71 ஆயிரம், இன்ஜினில் இரண்டு லட்சம்: பழைய பிக்கப் வாங்குவோர் கவனத்துக்கு

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் மீட்டரில் தெரியும் கிலோமீட்டரை நம்பி விலை பேச வேண்டாம். வண்டியின் மதிப்பை முடிவு செய்வதே அந்த எண்தான். வண்டியிலேயே சுலபமாக மாற்றக்கூடியதும் அதுதான். ஒரு லேப்டாப்பும் கேபிளும் இருந்தால், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் லட்சத்தைக் குறைத்துவிடுகிறார்கள்.

எனக்குக் குடியாத்தத்தில் தக்காளி வியாபாரம். பேரணாம்பட்டு மலைப்பாதையில் ஏறி வி.கோட்டா மண்டிக்குப் போய், சரக்கு ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டும். 2005இல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் எல்லாச் சிறு சரக்கு வண்டியும் 'குட்டி யானை'தான். ஆனால் அந்த மலைக்கு இரண்டு சிலிண்டர் வண்டி போதாது என்பதால் 4 சிலிண்டர் பிக்கப் தேடினேன். நெடுஞ்சாலையோரம் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி விற்கும் ஓர் இடத்தில் 2018 மாடல் ஒன்று கிடைத்தது. இடத்தின் பெயரை எழுதவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

"ஒரே ஓனர் அண்ணா. ஆம்பூர் பக்கம் பால் கேன் மட்டும் ஏற்றிய வண்டி. பாரமே தெரியாது" என்றார் விற்றவர். மீட்டரில் 71 ஆயிரம். பி.எஸ். 4 (வண்டிப் புகைக்கு அரசு வைத்த பழைய அளவுகோல்) வண்டி என்பதை மட்டும் பலமுறை சொன்னார். அதில் பொய் இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் புதிதாக வருபவை எல்லாம் பி.எஸ். 6. புகை வடிகட்டி, சென்சார் என்று அவற்றில் செலவு வைக்கும் பாகங்கள் அதிகம். அந்தப் பயத்தில்தான் எங்கள் ஊரில் பி.எஸ். 4 பிக்கப்புகளின் விலை இறங்காமல் நிற்கிறது. ஏமாற்றுகிறவர்களுக்கும் அதுதான் வசதி.

நான் போனபோது இன்ஜின் சூடாக இருந்தது. "இப்போதுதான் ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார்" என்றார்கள். தேய்ந்த டீசல் இன்ஜினின் குறை காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் வெளிப்படும். சூடான இன்ஜின் ஒரே தட்டில் கிளம்பும், புகையும் குறைவாக இருக்கும். போதாததற்குக் கெட்டியான ஆயிலை ஊற்றி வைத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. பெயின்ட் புதிது, சீட் உறை புதிது, கிளட்ச் பெடல் ரப்பரும் புதிது. 71 ஆயிரம் ஓடிய வண்டிக்குப் பெடல் ரப்பர் ஏன் புதிது என்று கேட்டேன். "வாடிக்கையாளருக்கு நன்றாக இருக்கட்டும் என்றுதான்" என்று சிரித்தார்.

வாங்கிய சில வாரங்களில் மலைப்பாதையில் குட்டு உடைந்தது. வெறும் கிரேட்டுகளோடு ஏறும்போதே இழுவை இல்லை. பின்னால் நீலப் புகை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்று பொருள். அடுத்த வளைவில் ஆயில் விளக்கும் எரிந்தது. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் நுனியில் மட்டும் ஈரம்.

எங்கள் மெக்கானிக் பாய் செய்த சோதனையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து மேலேயே வைத்தார். உலை கொதிக்கும் பானையின் மூடிபோல அது குதித்தது. குபுகுபுவென்று புகையும் வந்தது. இதை 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டர் சுவரும் தேய்ந்துவிட்டால், எரிந்த வாயு மேலே தங்காமல் பிஸ்டனைத் தாண்டி ஆயில் இருக்கும் பகுதிக்குள் இறங்கும். இழுவை குறையும், ஆயில் எரியும். கெட்டி ஆயில் இதைச் சிறிது காலம் மறைக்கும், அவ்வளவுதான்.

பிறகு பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பின்பக்கம் பாரம் தாங்கும் ஸ்பிரிங்கில் கம்பெனி கொடுத்ததைவிட அதிகமாகப் பட்டை சேர்த்திருந்தது. "பால் கேனுக்கு யாராவது பட்டை ஏற்றுவார்களா தம்பி? இது மணலோ கல்லோ அடித்த வண்டி" என்றார்.

ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சேசிஸ் எண்ணை (வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் எண்) தட்டியதும் பழைய பதிவுகள் வந்தன. கடைசி சர்வீஸ் நான் வாங்குவதற்கு இரண்டு வருடம் முன்னால். அன்றைக்கே 1,84,000 கிலோமீட்டர். அச்சிட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

விற்றவரிடம் காட்டினால், "எங்களிடம் வந்தபோதே மீட்டர் அப்படித்தான் இருந்தது. ரசீதில் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதியிருக்கிறதே" என்கிறார். ரசீதில் கிலோமீட்டரை எழுதச் சொன்னபோது "அதெல்லாம் வழக்கமில்லை" என்று மறுத்தவரும் இவர்தான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: இரண்டு லட்சம் ஓடியது குற்றமே இல்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றி, அளவாக ஏற்றிய டீசல் பிக்கப் மூன்று லட்சத்தைத் தாண்டியும் ஓடும். அப்படிப்பட்ட வண்டியை உண்மைக் கணக்கோடு வாங்குவது, கணக்கைத் திருத்திய 'குறைவான கிலோமீட்டர்' வண்டியைவிட எவ்வளவோ மேல். எனக்கு ரிங், பேரிங், லேத் கூலி எல்லாம் சேர்த்து முக்கால் லட்சத்துக்கு மேல் போய்விட்டது. அதன் பிறகும், விற்கலாம் என்று உண்மையைச் சொல்லி விலை கேட்டால் புரோக்கர்கள் வாங்கிய விலையில் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. அரசின் 'வாகன்' இணையதளத்தில் கடன் பதிவு, எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ் மூன்றையும் பாருங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு வருடந்தோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியிலேயே படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். உங்கள் பழைய வண்டியை விற்கிறீர்கள் என்றால் பெயர் மாற்றம் முடியும்வரை விடாதீர்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 'தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார்' என்று எதிர்த்தரப்பு வாதாடுகிறது. சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழிலில் பயன்படுத்த வாங்கியிருந்தால் அவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

வழக்கு நடப்பதால் கடைப் பெயரைக் கேட்டு யாரும் செய்தி அனுப்ப வேண்டாம். பார்த்து வைத்திருக்கும் வண்டியின் சேசிஸ் எண்ணை வாங்கி, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சர்வீஸ் சென்டரில் விசாரியுங்கள். எண்ணைக் கொடுக்க மறுத்தாலோ, காலையில் நீங்கள் வரும்வரை இன்ஜினைத் தொடாமல் வைக்கச் சம்மதிக்காவிட்டாலோ, அடுத்த வண்டியைப் பாருங்கள்.