18650-ஆ, 21700-ஆ? நீண்ட நேரம் எரியும் டோர்ச்சுக்கு எந்த அளவு பற்றரி

டோர்ச் பெட்டியில் 3000 லுமென் (வெளிச்சத்தின் அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பக்கத்திலேயே 4 மணி நேரம் என்றும் இருக்கும். இரண்டும் பொய்யில்லை, ஆனால் இரண்டும் சேர்ந்து நடக்காது. டோர்ச்சுகளை அளக்கும் ஏஎன்எஸ்ஐ எப்எல்1 என்ற தர முறையில் வெளிச்சத்தை அளப்பது ஆன் செய்த 30 விநாடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில். எரியும் நேரத்தைக் கணக்கெடுப்பது அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காக விழும் வரை. அதாவது 3000 என்பது தொடக்கத்துச் சில நிமிடங்களுக்குத்தான். மிச்ச நேரமெல்லாம் சில நூறு லுமெனில் ஓடினாலும் பெட்டியில் 4 மணி நேரம் என்றே அச்சாகும்.

ஆகவே பார்க்க வேண்டியது பற்றரிக்குள் எத்தனை வாட்-மணி மின்சக்தி இருக்கிறது என்பதை. இரண்டுமே திரும்பச் சார்ஜ் செய்யும் லித்தியம்-அயன் செல்கள். 18650 என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். நல்ல செல்லின் கொள்ளளவு 3500 எம்ஏஎச், அதாவது 3.5 அம்பியர்-மணி; 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட்-மணி. 21700 என்றால் 21 மி.மீ., 70 மி.மீ.; 5000 எம்ஏஎச், 18 வாட்-மணி. கன அளவில் பெரியது சின்னதைப்போல ஏறக்குறைய 1.47 மடங்கு, கொள்ளளவில் 1.43 மடங்கு. புதுத் தொழில்நுட்பம் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்: அதே சோறு, சட்டிதான் பெரிது.

300 லுமெனில் வைத்து எரித்தால், சுற்றில் போகும் இழப்பையும் சேர்த்துப் பற்றரியிலிருந்து சுமார் 3 வாட் போகும். 18650-இல் நாலு மணி நேரம், 21700-இல் ஆறு மணி நேரம். ஒரு மண்டபத்தையோ மாடிப்படியையோ பார்த்து நடக்க 300 தாராளம். கூரையில் பட்டுத் திரும்பும்படி நிமிர்த்தி வைத்தால் அறை முழுக்க 100 லுமெனே போதும். அப்படி என்றால் இரண்டுமே ஓர் இரவைத் தாண்டும். 14500 என்பது ஏஏ அளவு, 1000 எம்ஏஎச்சைத் தாண்டுவது அரிது. சட்டைப்பைக்குச் சரி, நீண்ட நேரத்துக்கு ஆகாது.

உச்ச வெளிச்சத்தை நிர்ணயிப்பது பற்றரியைவிடச் சூடுதான். உற்பத்தியாளர் தரும் வரைபடங்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில், சிலவேளை மின்விசிறிக் காற்றில் எடுத்தவை. கொழும்பில் இரவிலும் 27 பாகையில் காற்று அசையாமல் நிற்கும்போது டோர்ச் சீக்கிரமே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். 21700 உடலில் அலுமினியம் கூடுதலாக இருப்பதால் கொஞ்சம் அதிகமாகத் தாக்குப்பிடிக்கும். என்னைக் கேட்டால், பெரிய அளவுக்குப் போக இதுவும் ஒரு நல்ல காரணம்.

கொள்ளளவு கூடிய செல் எல்லா டோர்ச்சுக்கும் பொருந்தாது. 18650-இல் சாம்சங்கின் 35ஈ 3500 எம்ஏஎச், ஆனால் தொடர்ந்து 8 அம்பியர்தான் தரும். அதே நிறுவனத்தின் 30கியூ 3000 எம்ஏஎச்தான், தருவது 15 அம்பியர். 21700-இலும் இதே கதை: சாம்சங் 50ஈ 5000 எம்ஏஎச், பத்து அம்பியருக்குச் சற்றுக் கீழே, மோலிசெல் பி42ஏ 4200 எம்ஏஎச், 45 அம்பியர். டோர்ச் கேட்பது 5 அம்பியருக்குள் என்றால் கொள்ளளவைப் பாருங்கள். 10 அம்பியருக்கு மேல் என்றால் பி42ஏ போன்றது வேண்டும்.

உச்ச வெளிச்சம் போட்டவுடன் டோர்ச் சடாரென்று அணைந்து, பின்மூடியைத் தளர்த்தி இறுக்கியதும் மறுபடி எரிகிறதா? பெரும்பாலும் டோர்ச்சில் பிழையில்லை. பற்றரியின் அடியிலுள்ள பாதுகாப்புச் சுற்று அந்த மின்னோட்டத்தைத் தாங்காமல் வெட்டுகிறது. அந்தச் சுற்று நீளத்தையும் கூட்டும்: 65 மி.மீ. செல் 69, 70 வரை போய், மூடியை முழுதாக இறுக்க முடியாமல் ஸ்பிரிங்கை நசுக்கும். எதிர்ப்பக்கமாக, 21700 டோர்ச்சில் பிளாஸ்டிக் உறை போட்டு 18650-ஐ நுழைத்தால் 5 மி.மீ. இடைவெளி விழும். ஸ்பிரிங் எட்டினாலும் ஒரு தட்டுத் தட்டினால் கண் சிமிட்டும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் 18650 தேடுவது இலகு, 21700-க்கு அலைய வேண்டிவரும். எங்கே வாங்கினாலும் 18650-இல் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். அந்த அளவில் அது நடக்காத காரியம். சமையல் தராசு போதும்: நல்ல 18650 45 முதல் 50 கிராம், 21700 எழுபதை ஒட்டி. முப்பது கிராமில் நின்றால் உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. பழைய லப்டொப்பிலிருந்து கழற்றிய செல்லில் 2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசையே வேண்டாம்.

சார்ஜ் நேரத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 1 அம்பியரில் 18650 சுமார் நாலு மணி நேரம், 21700 ஆறு மணி நேரம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் விட்டுவிட்டு வரும் நாட்களில் 1 அம்பியர் சார்ஜரில் பெரிய செல் நிரம்பவே நிரம்பாது. 2 அம்பியர் வேண்டும். டோர்ச்சிலேயே டைப்-சி துளை இருந்தால் இரு முனையும் சி ஆன கேபிளில் ஏறுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். மலிவானவற்றில் அதற்குத் தேவையான 5.1 கிலோ ஓம் தடையிகளை விட்டுவிடுவதால், ஒரு முனை பழைய யூஎஸ்பி ஆன கேபிளில் மட்டும்தான் ஏறும்.

வெள்ளவத்தை, தெஹிவளை கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. உப்புக் காற்றில் குழாயின் விளிம்பும் பின்மூடியின் உட்பக்கமும் மங்கி, வெளிச்சம் நடுங்கத் தொடங்கும். பற்றரி போய்விட்டது என்று புதிதாக வாங்குவதற்கு முன் ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் அந்த விளிம்பைத் துடையுங்கள், பஞ்சு கறுக்கும். மரைக்கும் ரப்பர் வளையத்துக்கும் சிலிக்கன் கிரீஸ். வாஸ்லின் சிலவகை ரப்பரை உப்பச் செய்யும்.

நிரப்பி அலுமாரியில் போட்ட செல் இந்த வெக்கையில் வேகமாக முதுமை அடையும். அவசரத்துக்கு ஒன்றை நிரப்பி வைத்துவிட்டு, உபரியை 3.7, 3.8 வோல்ட்டில், தனிப் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். உறை கிழிந்த செல்லைப் போடவே வேண்டாம்: நேர்முனையைச் சுற்றியுள்ள தோள் வரைக்கும் உலோகம் எல்லாம் எதிர்முனைதான், இரண்டும் தொட்டால் ஷோர்ட் ஆகிவிடும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவிடுவதென்றால் உதிரிச் செல்கள் கைப்பையில் மட்டும்தான் வர வேண்டும், முனைகளை மூடி; சரக்குப் பெட்டியில் போட்டால் பறிபோகும். தபாலில் தனிச் செல் வரவழைப்பதும் சிரமம், டோர்ச்சுக்குள் பொருத்தியபடி வந்தால் சிக்கல் குறைவு. அதனால் முதல் 21700-ஐ டோர்ச்சோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். கையில் ஏற்கெனவே நல்ல 18650 நாலைந்து இருப்பவர்கள் அளவை மாற்ற வேண்டியதில்லை.